குச்சி ஒடிக்க மரம் எங்கே?



சில வருசமாவே ஒரு படம் நம்ம குழுக்களில் சுத்திக்கிட்டு இருக்கு. நாலு வேப்பங்குச்சியைக் கண்ணாடித்தாளில் சுற்றி, மேலே பச்சையில் இலை வரைந்து, டாலரில் விலை ஒட்டியிருக்கும். "உன் பாட்டன் ஓசியில் ஒடித்ததை வெள்ளைக்காரன் விற்கிறான், பார்த்தாயா தமிழா" என்று கீழே ஒரு வரி. நாமும் கோபப்படுகிறோம். பத்து பேருக்கு அனுப்புகிறோம். அப்புறம் போய் பற்பசையைப் பிதுக்குகிறோம்.

பகிர்வதில் தப்பு இல்லை. ஆனா அதோடு நின்றுவிட்டால் அது வெறும் பெருமூச்சு. அரசியல் ஆகாது. அரசியல் எங்கே தொடங்குது தெரியுமா? இந்தக் கேள்வியில்: நாளை காலை குச்சியால்தான் பல் துலக்கப் போகிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தால், உங்க வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், யாரிடமும் கேட்காமல் ஒரு கிளை ஒடிக்க, பொது இடத்தில் ஒரு மரம் நிற்கிறதா?

யோசித்துப் பாருங்க. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது போச்சு. பேருந்து நிறுத்தத்தில் நின்றது நிழற்குடை கட்டும்போது போச்சு. பள்ளிக்கூட வாசலில் நின்றது சுற்றுச்சுவருக்குப் போச்சு. ஏரிக்கரையில் நின்றது ஏலத்தில் போச்சு. மிச்சம் இருப்பது கோயில் மரமும், அடுத்தவர் வீட்டு மதிலுக்குள் இருப்பதும்தான்.

குச்சி நம்மை விட்டுப் போனதுக்குப் பற்பசை மட்டும் காரணமில்லை உறவுகளே. மரம் போச்சு, குச்சியும் போச்சு.

முதலில் அந்தக் குச்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ஏன்னா நம்ம பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது வெறும் வாட்சப் கதை.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று பழமொழி சொல்கிறோம். அதில் வருகிற "வேல்" எது? பலர் வேம்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது வேலமரம். நம்ம நாட்டுக் கருவேலம். பட்டையில் துவர்ப்பு அதிகம், அந்தத் துவர்ப்புதான் ஈறை இறுக்கும் என்று கண்டார்கள். ஆலுக்கும் அதே துவர்ப்பு. ஆலங்குச்சியும் உண்டு, ஆலம்விழுதும் உண்டு. வேம்புக்குக் கசப்பு. புங்கங்குச்சி உண்டு. நாயுருவி வேர் உண்டு. எந்த ஊரில் எது விளையுதோ அதுதான் அந்த ஊரின் பல்துலக்கி.

இசுலாமியச் சொந்தங்கள் மிஸ்வாக் என்று போற்றுகிற குச்சி இருக்கே, அந்த மரம் வறண்ட நிலத்திலும் கடலோர உவர் மண்ணிலும் நம்ம மண்ணிலேயே வளருது. சங்க இலக்கியம் உகாய் என்று சொல்கிற மரம் இதுதான் என்று தாவர அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். மதத்தைச் சொல்லி நம்மைப் பிரிக்க வருகிறவர்களுக்கு ஒரு தகவலாக இதைச் சொல்லி வையுங்கள். மிஸ்வாக்கும் உகாயும் ஒரே மரம்.

துலக்கும் முறையும் எளிது. சுண்டுவிரல் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், பிஞ்சாக ஒரு கிளை. நுனிப் பட்டையைச் சீவிவிட்டு, நார் பிரிந்து பஞ்சாகும் வரை மெல்ல வேண்டும். ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி மெதுவாகத் தேய்க்க வேண்டும். முரட்டுத்தனமாகக் குறுக்கே இழுத்தால் ஈறு கிழியும், நாளாக நாளாக ஈறு கீழிறங்கும். முடிந்ததும் குச்சியை இரண்டாகப் பிளந்தால் நாக்கு வழிக்க ஆச்சு. அப்புறம் தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்.

இப்போ உங்க குளியலறையில் இருப்பதைப் பாருங்க. நைலான் குச்சம் வைத்த பிரஷ் 1938-ல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பன்றி மயிர். மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று மாற்று என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் ஒருவருக்கு வருசத்துக்கு மூன்று, நான்கு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 7.21 கோடி. அதில் பாதிப் பேர் வருசத்துக்கு மூன்று மாற்றினாலே 10 கோடிக்கு மேல் ஞெகிழித் தண்டு. ஒவ்வொரு வருசமும்! அத்தனையும் எங்கே போகுது? ஏரிக்கும் குப்பை மேட்டுக்கும்தான். நீங்க சின்ன வயசில் வாங்கிய முதல் பிரஷ்ஷின் தண்டு இந்த மண்ணில் எங்கேயோ அப்படியே கிடக்கிறது.

சரி, இத்தனை எளிதான ஒன்றை நாம் ஏன் விட்டோம்?

வெட்கப்பட வைத்தார்கள். வேப்பங்குச்சி வாயில் இருந்தால் பட்டிக்காடு. கரியும் உப்பும் தொட்டால் நாகரிகம் தெரியாதவன். வெள்ளை அங்கி போட்ட நடிகர் தொலைக்காட்சியில் வந்து நம்ம அப்பத்தாவைப் பார்த்துச் சிரித்தார். ஒரு தலைமுறை வெட்கப்பட்டு முடித்ததும் அதே கம்பெனிகள் கதவைத் தட்டி, உங்க பேஸ்ட்டில் உப்பு இருக்கா, வேம்பு இருக்கா, கரி இருக்கா, கிராம்பு இருக்கா என்று கேட்டார்கள். நம்ம பொருளைக் கேவலம் என்று சொல்லிப் பிடுங்கி, குழாயில் அடைத்து, நமக்கே விற்றார்கள். இதுக்குப் பேர் வியாபாரம் மட்டுமில்லை. இது பண்பாட்டுக் கொள்ளை.

ஆனா ஒன்று. எதிரியைத் திட்டுகிற வேகத்தில் நாம் பொய் சொல்லிவிடக் கூடாது. நம்ம பதிவைப் பார்த்து ஒரு பல் மருத்துவர் சிரித்தால் அந்த அவமானம் கட்சிக்குத்தான். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

செங்கல் பொடியும் கரித்தூளும் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். "முன்னோர் செய்தது" என்ற ஒரே காரணத்துக்காக அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லமாட்டோம். பற்பொடி என்ற பெயரில் புகையிலையைக் கலந்து விற்று, துலக்கத் துலக்க மக்களை அடிமையாக்கிய கொடுமையும் இந்த நாட்டில் நடந்தது. 1992-ல் ஒன்றிய அரசு தடை போட வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்தது. நாட்டுப் பொருள் என்று முகப்பில் எழுதியிருந்தால் எல்லாம் நல்லதாகிவிடாது.

ஃபுளோரைடு கலந்த பற்பசை சொத்தையைத் தடுக்கும் என்பது அறிவியல். அதை மறுக்க மாட்டோம். குச்சியும் வெறும் பழம்பெருமை அல்ல. பல்குச்சி வழக்கத்தில் இருக்கும் நாடுகளில் அதை ஊக்கப்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 1980-களில் சொன்னது. முறையாகத் துலக்கினால் பல்லில் படியும் அழுக்கைக் குச்சி நன்றாகவே நீக்குகிறது. சொத்தை விழுந்த பல்லை அது சரிசெய்யாது. அதுக்கு மருத்துவர் வேணும்.

ஆக, குச்சியா பேஸ்ட்டா என்று சண்டை மூட்டிவிடுவது நம் வேலை இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் இருக்கணும். இன்றைக்கு அந்த உரிமை இருக்கா? பேஸ்ட் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. குச்சிக்கு மரம் இல்லை. மருத்துவரும் இல்லை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, "மக்கள் விரும்பி வாங்குகிறார்கள்" என்று சொன்னால் எப்படி?

மரத்துக்கு வருவோம்.

1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வேப்பெண்ணெயிலிருந்து எடுக்கும் பூஞ்சைக் கொல்லிக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனிக்கும் காப்புரிமை கொடுத்தது. நம்ம உழவர் தலைமுறை தலைமுறையாகச் செய்ததைத் தன் கண்டுபிடிப்பு என்றார்கள். வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து நின்றார்கள். 2000-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி ஆனது. வேம்பு வென்றது. பெருமையான வெற்றிதான், சந்தேகமே இல்லை.

ஆனா கேளுங்க. மியூனிக் நகரில் பத்து வருசம் சட்டம் பேசி மீட்ட அதே வேம்பு, நம்ம ஊர்ச் சாலையில் பத்து நிமிசத்தில் அறுபட்டு விழுது. அங்கே எதிர்க்க ஆள் இருந்தது. இங்கே? மரத்தில் சிவப்பு வண்ணத்தில் எண் எழுதும்போதே நமக்குத் தெரியும், அது போகப்போகுது என்று. கைப்பேசியில் படம் எடுக்கிறோம், "RIP" போடுகிறோம், போய்விடுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுது? மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. சமவெளி மரத்துக்கு? கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மரப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். நம்ம சமவெளிக்குக் கிடைத்தது அரசாணையும் குழுவும்தான். 2021-ல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாலை போடுவதும் அரசு, மரம் வெட்ட அனுமதி கேட்பதும் அரசு, அனுமதி கொடுப்பதும் அரசு. நடுவில் அந்த மரத்தடியில் உட்கார்ந்த ஊர் மக்களுக்கு என்ன இடம்?

"ஒன்று வெட்டினால் பத்து நடுவோம்" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. எந்தப் பத்து? எங்கே? தண்ணீர் ஊற்றுவது யார்? மூன்றாவது கோடையில் எத்தனை உயிரோடு நிற்குது? நாற்பது வருச வேம்புக்குப் பதில் கணுக்கால் உயரத்தில் ஒரு கன்று, அதைச் சுற்றி ஒரு கூண்டு, கூண்டில் நன்கொடையாளர் பெயர். அடுத்த வருசம் கூண்டு இருக்கு, கன்று இல்லை.

2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது குறிக்கோள். வரவேற்கிறோம். ஆனா நட்ட கணக்கை மட்டும் சொல்கிற திட்டம் எங்களுக்கு வேண்டாம். பிழைத்த கணக்கைச் சொல்லுங்கள். வெட்டிய கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக மக்கள் இறங்கி வேலை செய்தார்கள். ஆனா பெயரில் பாதி ஒன்று என்பதற்காக நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. அது வேறு, இது வேறு. நாட்டுக் கருவேலம்தான் பல்லுக்கு உறுதி என்று சொன்ன மரம். ஏரிக்குள் நின்று பறவைகளுக்குக் கூடு தருகிற மரம். 1981-ல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடு திட்டத்தில் ஏரிகளிலும் கண்மாய்களிலும் அரசே நட்ட மரம். வெட்டப் போகிறவர் கையில் அரிவாள் இருந்தால் மட்டும் போதாது. எது எந்த மரம் என்ற அறிவும் இருக்கணும்.

அடுத்து மருத்துவம். இது இல்லாமல் குச்சியைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கியது. அதற்கு அப்புறம் அரசு புதிதாகக் கட்டித் திறந்த பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையில், 2023-ல். நடுவில் 70 ஆண்டு! அந்த எழுபது ஆண்டில் ஆட்சி யார் யார் கையில் இருந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தனியார் கல்லூரிகளுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. பல்வலி வந்தால் ஏழைக்கு என்ன கதி? கிராம்பை அடக்கிக்கொள்வது, மாத்திரை போடுவது, தாங்க முடியாதபோது பிடுங்குவது. வேர்ச் சிகிச்சை என்பது காசுள்ளவர் பல்லுக்கு மட்டும்தானா?

தருமபுரி, கிருட்டிணகிரி மக்களைக் கேளுங்க. அங்கே பல்லில் கறை படிந்ததற்குத் துலக்காதது காரணமில்லை. நிலத்தடி நீரில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாத இடத்தில் ஒன்றரை வரை போகலாம் என்று தரநிர்ணயம் சொல்லுது. அதைத் தாண்டிய நீரைக் குடித்தே தலைமுறைகள் வளர்ந்தன. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல்தான் திறந்தார்கள். நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டிய கடமையைப் பல பத்தாண்டு தள்ளிப்போட்டால், அதன் சாட்சி அந்தப் பிள்ளைகள் சிரிக்கும்போது தெரியும். எந்தக் குச்சியும் எந்தப் பற்பசையும் அதைத் துலக்கி எடுக்க முடியாது.

அப்புறம் சர்க்கரை. மருத்துவர் இல்லாத ஊர் இருக்கு. குளிர்பானம் இல்லாத ஊர் இருக்கா? நாம் உண்ணும் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வழிகாட்டியது. அதிகக் கொழுப்பு, உப்பு, சர்க்கரை கொண்ட பண்டங்களைப் பள்ளியிலும் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டாச்சு. உங்க ஊர்ப் பள்ளி வாசலில் போய் நின்று பாருங்க. விதி தாளில் இருக்கு. பாட்டில் கடையில் தொங்குது. காலையில் சொத்தையை விற்பதும் அவர்கள், மாலையில் சொத்தைக்கு விளம்பரம் காட்டுவதும் அவர்கள்!

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை:

1. சமவெளி மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும். பொது நிலத்தில் மரம் வெட்டும் முன் கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ மக்களைக் கேட்டாக வேண்டும்.

2. சாலைப் பணிக்காக வெட்டிய மரம், அதற்கு ஈடாக நட்ட கன்று, அதில் பிழைத்தது ஆகிய மூன்று கணக்கையும் ஆண்டுதோறும் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

3. ஆல், வேம்பு, நாட்டுக் கருவேலம், புங்கு, கடலோரத்தில் உகாய் என்று மண்ணுக்கேற்ற மரங்களை ஒவ்வொரு ஊராட்சியும் பொது நிலத்தில் வளர்க்க வேண்டும். நாற்றங்கால் வேலையை ஊர்ப் பெண்களுக்குக் கூலியோடு கொடுக்க வேண்டும்.

4. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் மருத்துவம் கிடைக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பல் பரிசோதனை வேண்டும்.

5. பள்ளியைச் சுற்றி 50 மீட்டர் விதியை இன்றே நடைமுறைப்படுத்த வேண்டும்.

இதை ஆட்சியாளர்கள் தானாகச் செய்வார்கள் என்று காத்திருந்தால் நம்ம பேரன் காலத்தில் வேப்பமரத்தைப் புத்தகத்தில்தான் காட்டணும். அதனால் உங்ககிட்ட மூன்று வேலை கேட்கிறோம்.

ஒன்று. உங்க ஊரில், உங்க வார்டில் பொது இடத்தில் நிற்கிற ஆல், வேம்பு, வேலமரங்களை எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இடத்தைக் குறித்து வையுங்கள். கணக்கே இல்லாத மரத்தை வெட்டினால் கேட்க வழி இல்லை.

இரண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். உங்க பகுதிச் சாலையில் எத்தனை மரம் வெட்டினீர்கள், எத்தனை நட்டீர்கள், எத்தனை உயிரோடு இருக்கு என்று கேளுங்கள். வந்த பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். எழுந்து நின்று, சத்தமாகப் படியுங்கள். பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்பதையே படியுங்கள்.

மூன்று. ஒரு மரம் நடுங்கள். கன்றோடு படம் எடுத்துப் போடுவது யாராலும் முடியும். மூன்று கோடை அதுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் நம்ம கட்சிக்காரர் வேலை. ஆடு கடிக்காமல் முள் கட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். நட்ட அன்று எடுத்த படம் எங்களுக்கு வேண்டாம். மூன்றாவது வருசம் எடுத்த படத்தை அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் உங்க பெயரோடு போடுகிறோம்.

நாளைக்கு உங்க தெருவில் மரம் அறுக்கும் எந்திரத்தோடு வண்டி வந்து நிற்கலாம். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது குற்றம் இல்லை. அது உங்க மரம்.

மரம் நம் உரிமை!
பொது நிலம் மக்கள் நிலம்!
வெட்டிய கணக்கைச் சொல்லு! பிழைத்த கணக்கைக் காட்டு!

உங்க ஊரில் மரங்களை எண்ணி முடித்ததும் அந்த எண்ணிக்கையைக் கருத்துப் பெட்டியில் பதியுங்கள், உறவுகளே.

#குச்சி_ஒடிக்க_மரம்_எங்கே
#மரப்_பாதுகாப்புச்_சட்டம்_வேண்டும்